ஹோமாய் வியாரவாலா: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

பழைய பத்திரிகைப் படங்களைப் பற்றி எங்கே பேசப் போனாலும் ஹோமாய் வியாரவாலா பெயர் வந்துவிடுகிறது, வந்ததும் அதே சந்தேகங்களும் கூடவே வருகின்றன. சிலது நியாயமான சந்தேகம், சிலது வாட்ஸ்அப்பில் சுற்றிய கதை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட ஒரே இடத்தில் போட்டு வைத்துவிடலாம் என்றுதான் இது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

யாருங்க இவங்க? ஒரு பத்தியில சொல்லுங்க போதும்.

இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் என்று அறியப்படுபவர். 1913 டிசம்பர் 9 அன்று குஜராத்தின் நவ்சாரியில் ஒரு பார்சி குடும்பத்தில் பிறந்தார். பம்பாயில் படித்து, அங்கேயே படமெடுக்க ஆரம்பித்து, 1942-ல் டெல்லிக்குப் போய், 1970 வரை அங்கே பத்திரிகைகளுக்குப் படம் எடுத்தார். சுதந்திரம், பிரிவினை, காந்தியின் இறுதி ஊர்வலம், நேருவின் ஆட்சிக்காலம், வெளிநாட்டுத் தலைவர்களின் வருகைகள் என்று நீங்கள் பாடப்புத்தகத்தில் பார்த்த பல படங்கள் இவருடையவை. 2012 ஜனவரி 15 அன்று வதோதராவில் காலமானார், அப்போது வயது 98.

பெயரை எப்படிச் சொல்றது? வியாரவாலான்னா என்ன?

ஹோ-மாய். வியாரா என்பது குஜராத்தில் ஒரு ஊர். பார்சிகளில் ஊரையோ தொழிலையோ வைத்து ‘வாலா’ சேர்க்கும் வழக்கம் உண்டு. இது கணவர் வீட்டுப் பெயர், பிறந்த வீட்டுப் பெயர் ஹாதிராம்.

பெரிய பணக்காரக் குடும்பமா? அந்தக் காலத்துல கேமரான்னா சும்மாவா?

பார்சி என்றதும் டாடா, கோத்ரெஜ் என்று நினைத்துக்கொண்டு கேட்கிறார்கள். இவர் அப்பா ஊர் ஊராகப் போகும் உருது-பார்சி நாடகக் குழுவில் நடிகர். (நம்மூர் இசை நாடகங்களில் ‘பார்சி மெட்டு’ என்று பாடினார்களே, அந்த மரபுதான்.) குழு போகிற இடமெல்லாம் குடும்பமும் போனது, பிறகு படிப்புக்காகப் பம்பாயில் தங்கினார்கள். பம்பாய்ப் பல்கலைக்கழகத்திலும் ஜே.ஜே. கலைக் கல்லூரியிலும் படித்தார்.

கேமரா வந்தது மானெக்‌ஷா வியாரவாலா மூலமாக. ஹோமாய்க்கு 13 வயது இருக்கும்போது 1926-ல் அறிமுகமானவர். டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் கணக்கர் வேலை, கூடவே படமும் எடுப்பார், யாரிடமும் போய்ப் படிக்காமல் தானாகக் கற்றுக்கொண்டவர். அவரிடம்தான் ஹோமாய் கேமராவையும் டார்க் ரூம் வேலையையும் (ஃபிலிமைக் கழுவிப் பிரிண்ட் போடும் இருட்டறை வேலை) கற்றார். 1941-ல் கல்யாணம். அதாவது பதினைந்து வருடப் பழக்கம், அதில் பாதிக்கு மேல் கேமராவோடு போனது என்று வைத்துக்கொள்ளலாம்.

முதல் படம் எப்போ வந்துச்சு? எவ்வளவு காசு கொடுத்தாங்க?

பம்பாயில் மகளிர் சங்கம் ஒன்றின் பிக்னிக்கில் எடுத்த படங்கள் ‘பாம்பே கிரானிக்கிள்’ பத்திரிகையில் வந்தன. ஒரு படத்துக்கு ஒரு ரூபாய்.

ஆனால் இவர் கை எப்படி இருந்தது என்று பார்க்க ஆசைப்படுபவர்கள் அந்தக் காலத்துப் பம்பாய்ப் படங்களைத் தேடிப் பாருங்கள். உடன் படித்த ரெஹானா மொகுலை மாடலாக வைத்து எடுத்தவை, விக்டோரியா டெர்மினஸ், தெருவில் நடமாடும் ஜனங்கள். ஜே.ஜே.யில் ஓவியம் படித்த கண் அதில் தெரியும், வெளிச்சமும் நிழலும் எங்கே விழ வேண்டும் என்று யோசித்து நின்றிருக்கிறார். டெல்லிப் படங்களின் புகழில் இவை அமுங்கிப் போய்விட்டன. என்னைக் கேட்டால் தலைவர்கள் இல்லாத இந்தப் படங்களில் இருந்துதான் ஆரம்பிக்கச் சொல்வேன்.

ஆரம்பத்துல புருஷன் பேர்லதான் படம் வந்துச்சாமே? அவர் திருடிட்டாரா?

வந்தது உண்மை. ‘இல்லஸ்ட்ரேட்டட் வீக்லி ஆஃப் இந்தியா’வில் இவருடைய படங்கள் மானெக்‌ஷா பெயரில் வெளியாயின. யாருக்கும் தெரியாத ஒரு இளம்பெண், அதுவும் படமெடுக்கிறாள் என்றால் பத்திரிகை உலகம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாத காலம். அறிமுகமான ஒரு ஆணின் பெயர் இருந்தால் படம் உள்ளே போகும்.

இதைத் திருட்டு என்று சொல்ல முடியாது. இரண்டு பேரும் சேர்ந்து செய்த தொழில் இது. வெளியே போய்ப் படமெடுப்பது ஹோமாய், டார்க் ரூம், பிரிண்ட் என்று பின்னால் இருக்கும் வேலையில் மானெக்‌ஷாவின் பங்கு பெரியது. கணவன்-மனைவி சேர்ந்து கடை நடத்தி போர்டில் கணவன் பெயர் மட்டும் இருக்கும் குடும்பங்கள் நமக்குத் தெரியாததா? அநியாயம் இல்லை என்று சொல்லவில்லை. அந்த அநியாயம் மானெக்‌ஷாவிடம் ஆரம்பிக்கவில்லை, அவ்வளவுதான்.

‘டால்டா 13’ன்னு ஏன் பேர் வச்சுக்கிட்டாங்க? வனஸ்பதி கம்பெனி விளம்பரமா?

விளம்பரம் எல்லாம் இல்லை. அவர் வாங்கிய முதல் காரின் நம்பர் பிளேட் டி.எல்.டி. 13. ஆங்கில எழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் டால்டா மாதிரி வரும். அப்புறம் அந்த 13. பிறந்தது 1913, கணவரைச் சந்தித்தது 13 வயதில், காரும் 13. மற்றவர்கள் ஆகாது என்று ஒதுக்கும் எண்ணை இவர் தன் பெயராகவே வைத்துக்கொண்டார். எனக்குப் பிடித்த குறும்பு இது.

முதல் பெண்ணுன்னா இந்தியாவுலயா, உலகத்துலயா? இந்தியாவுல கூட இவங்களுக்கு முன்னாடி பெண்கள் படமெடுக்கலையா?

உலகத்தில் இல்லை. அமெரிக்காவில் ஜெஸ்ஸி டார்பாக்ஸ் பீல்ஸ் 1902-லேயே பஃபலோ நகரப் பத்திரிகை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். லண்டனில் கிறிஸ்டினா புரூம் 1903-ல் தன் நாற்பது வயதில் கேமராவைக் கையில் எடுத்து, வாக்குரிமை கேட்டுப் போராடிய பெண்களையும் அரச காவல்படையினரையும் எடுத்தார். ஹோமாய் பிறப்பதற்கு முன்பே இதெல்லாம் நடந்துவிட்டது.

இந்தியாவிலும் கேமரா பிடித்த பெண்கள் முன்பே இருந்தார்கள். வங்காளத்தில் அன்னபூர்ணா தத்தா தொழிலாகவே படமெடுத்தவர், தேபலீனா, மனோபீனா என்ற இரட்டைச் சகோதரிகளும் இருந்தார்கள். அவர்கள் வேலை பெரும்பாலும் வீடு, குடும்பம், உருவப்படம் என்ற வட்டத்தில் இருந்தது. தினமும் செய்தி நடக்கும் இடத்துக்குப் போய், கூட்டத்தில் இடித்துப் பிடித்து எடுத்து, பத்திரிகைக்கு அனுப்பிப் பிழைப்பு நடத்திய முதல் இந்தியப் பெண் என்ற அளவில் அந்தப் பட்டம் சரி. ஆனால் ‘முதல் பெண்’ என்ற ஒரு வரியோடு நிறுத்திவிடுகிறார்கள், படத்தைப் பார்ப்பதே இல்லை, அதுதான் என் வருத்தம்.

வெள்ளைக்கார அரசாங்கத்துக்கு வேலை பார்த்தவங்கன்னு சொல்றாங்களே?

ஆமாம், பார்த்தார். 1942-ல் டெல்லிக்குப் போனதே பிரிட்டிஷ் தகவல் சேவையில் வேலை கிடைத்துத்தான். போர்க்காலம், பிரச்சாரத்துக்குப் படங்கள் தேவைப்பட்டன. அதே 1942-ல்தான் ‘வெள்ளையனே வெளியேறு’ தீர்மானமும் வந்தது என்பதால் இந்தக் கேள்வி வருகிறது.

வேலை நேரம் போக மற்றப் பத்திரிகைகளுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்ற அனுமதி அந்த வேலையில் இருந்தது, அதுதான் அவரை உருவாக்கியது. ‘ஆன்லுக்கர்’, ‘டைம்’, ‘லைஃப்’ என்று பல பத்திரிகைகளுக்கு எடுத்தார். காங்கிரஸ் கூட்டத்தையும் எடுத்தார், அந்தக்காலத்து டெல்லியின் மேல்தட்டு விருந்துகளையும் எடுத்தார். அவரைத் தியாகியாக்க வேண்டிய அவசியமும் இல்லை, துரோகி என்று சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை, சம்பளத்துக்கு வேலை பார்த்த ஒரு நல்ல தொழிலாளி. ஆட்சி கைமாறும்போது இரண்டு பக்கமும் உள்ளே போக முடிந்த ஒருவர் கேமராவோடு அங்கே இருந்தார் என்பது நமக்குக் கிடைத்த லாபம்.

என்ன கேமரா வச்சிருந்தாங்க? இப்ப மாதிரி படபடன்னு எடுக்க முடியுமா?

முடியவே முடியாது. முக்கியமாக இரண்டு. ஒன்று ஸ்பீட் கிராஃபிக், அந்தக் காலப் பத்திரிகைக்காரர்கள் கையில் பார்த்திருப்பீர்கள், பெட்டி மாதிரி பெரிதாக, பக்கத்தில் வட்டத் தட்டோடு ஃப்ளாஷ். அதில் ஃபிலிம் தாள் தாளாக இருக்கும். ஒரு ஹோல்டரில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தாள். மூடியை உருவணும், ஷட்டரை ஏற்றணும், எடுக்கணும், மூடியைத் திரும்பப் போடணும், ஹோல்டரைத் திருப்பிச் செருகணும். ஃப்ளாஷ் பல்பு ஒரு தடவைதான் எரியும், எரிந்ததும் கழற்றிப் புதிது போடணும், தொட்டால் சுடும். இவ்வளவும் செய்து முடிக்கும்போது தலைவர் காரில் ஏறிப் போயே போயிருப்பார்.

இன்னொன்று ரோலிஃபிளெக்ஸ். இது ரோல் ஃபிலிம், ஒரு ரோலுக்கு 12 படம், 6-க்கு 6 சென்டிமீட்டர் சதுரம். கண்ணில் வைத்துப் பார்க்கக் கூடாது, இடுப்பு உயரத்தில் பிடித்துத் தலையைக் குனிந்து மேலே உள்ள கண்ணாடியில் பார்க்க வேண்டும், அதிலும் இடது வலமாகத் தெரியும். எதிரே நிற்பவர் இடது பக்கம் நகர்ந்தால் கண்ணாடியில் வலது பக்கம் போவார். இதற்குக் கை பழகவே நாளாகும்.

ஆகவே அவர் வேலையில் பெரும்பகுதி காத்திருப்பதுதான். எது நடக்கப் போகிறது என்று முன்கூட்டியே கணித்து, எங்கே நிற்பது என்று முடிவுசெய்து, ஒரே ஒரு தடவை அழுத்துவது. நூறு எடுத்து அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நமக்கு அந்தப் பொறுமை புரிவது கஷ்டம்.

புடவை கட்டிக்கிட்டு இவ்வளவு சாமானையும் தூக்கிக்கிட்டு எப்படிப் போனாங்க? யாரும் தடுக்கலையா?

சைக்கிளிலும் போயிருக்கிறார், முதுகிலும் தோளிலும் சாமான்களைச் சுமந்துகொண்டு. புடவையில் கேமராவோடு ஒரு பெண் நிற்பது அன்றைக்கு வேடிக்கைக் காட்சி. ஏதோ பொழுதுபோக்குக்கு வந்திருக்கிறாள், காட்டிக்கொள்வதற்காகத் தூக்கிக்கொண்டு திரிகிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள். அது தனக்கு வசதியாகவே போயிற்று என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். யாரும் பொருட்படுத்தாததால் முக்கியமான இடங்களுக்கும் தடையில்லாமல் போக முடிந்ததாம்.

இதைக் கேட்டுவிட்டு “பெண்ணாக இருந்ததால் சலுகை கிடைத்தது” என்று முடிவுகட்டும் ஆட்கள் உண்டு. உள்ளே போன பிறகு படம் எடுக்கத் தெரிய வேண்டுமே. மேலே கேமரா கேள்விக்குச் சொன்ன பதிலை இன்னொரு முறை படித்துவிட்டு வாருங்கள்.

செங்கோட்டையில முதல் கொடி ஏத்தின படம் ஆகஸ்ட் 16-ன்னு போட்டிருக்கு. தப்பா அச்சாகிடுச்சா?

தப்பில்லை. 1947 ஆகஸ்ட் 15 அன்று டெல்லியில் பொதுமக்கள் முன்னிலையில் கொடியேற்றம் நடந்தது இந்தியா கேட் பக்கத்தில். செங்கோட்டையில் நேரு கொடியேற்றியது மறுநாள், 16-ஆம் தேதி. அடுத்தடுத்த வருடங்களில் 15-ஆம் தேதியே செங்கோட்டை என்று வழக்கமாகிவிட்டதால் முதல் வருடமும் அப்படித்தான் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறோம். ஹோமாய் இரண்டு நாட்களும் எடுத்திருக்கிறார். நாடாளுமன்றத்துக்கு வெளியே ஆரவாரக் கூட்டத்துக்கு நடுவே மவுன்ட்பேட்டன் இருக்கும் படம் 15-ஆம் தேதியுடையது, செங்கோட்டைப் படம் 16.

அவங்க எடுத்ததுலயே முக்கியமானதுன்னு எதைச் சொல்வீங்க?

எல்லோரும் செங்கோட்டைக் கொடி என்பார்கள். நான் 1947 ஜூன் மாதக் கூட்டத்தைச் சொல்வேன். பிரிவினைத் திட்டத்தை ஏற்பதா வேண்டாமா என்று அகில இந்தியக் காங்கிரஸ் கமிட்டி கூடியது, உறுப்பினர்கள் கையைத் தூக்கி வாக்களிக்கிறார்கள், ஹோமாய் எடுத்திருக்கிறார். கதை தெரியாமல் பார்த்தால் அது ஏதோ ஒரு சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழு. கதர் போட்டவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், கை மேலே போகிறது. எந்த முகத்திலும் நாடகம் இல்லை. அடுத்த சில மாதங்களில் லட்சக்கணக்கான குடும்பங்கள் வீடு வாசலை விட்டுக் கிளம்பியதை நாம் அறிந்திருப்பதால்தான் அந்தக் கைகளைப் பார்க்கும்போது வயிற்றைப் பிசைகிறது.

பத்திரிகைப் படத்தில் இது ஒரு தனி ரகம். எடுத்த நேரத்தில் அதன் கனம் எடுத்தவருக்கே முழுதாகத் தெரிந்திருக்காது. போக வேண்டிய இடத்துக்குப் போய், செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்திருந்தால் பிறகு காலம் அதற்கு அர்த்தம் சேர்க்கும்.

காந்தியைச் சுட்ட அன்னைக்கு இவங்க அங்க இருந்தாங்களா?

இல்லை. 1948 ஜனவரி 30 அன்று பிர்லா மாளிகைப் பிரார்த்தனைக் கூட்டத்துக்குக் கிளம்பியவரை மானெக்‌ஷா நிறுத்தினார், மறுநாள் இருவருமாகச் சேர்ந்து போகலாம் என்று. மறுநாள் என்று ஒன்று இல்லாமல் போனது. கடைசிவரை அவருக்கு ஆறாத மனக்குறை அது. காந்தியின் இறுதிச் சடங்குகளை அவர் எடுத்திருக்கிறார், இணையத்தில் அதையும் சுட்ட நாளையும் குழப்பிக்கொள்கிறார்கள். சுடும் தருணத்தைப் படமெடுத்தவர் யாருமே இல்லை. அன்றைக்குக் காந்தியைச் சந்தித்துவிட்டுப் போயிருந்த பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஆன்றி கார்ட்டியே-ப்ரெசோன் கூட அந்த நேரத்தில் அங்கே இல்லை.

காந்திக்கு ஃப்ளாஷ் பிடிக்காதாமே?

பிடிக்காது என்பது உண்மை. கூடவே இருந்து எடுத்த கனு காந்திக்கே மூன்று நிபந்தனை போட்டார்: ஃப்ளாஷ் கூடாது, தான் போஸ் கொடுக்க மாட்டேன், ஆசிரமம் காசு தராது. வெளியிலிருந்து வரும் பத்திரிகைக்காரர்களுக்கு இது பெரிய தலைவலி. அந்தி நேரப் பிரார்த்தனைக் கூட்டம், வெளிச்சம் குறைவு, அன்றைய ஃபிலிமின் வேகமும் குறைவு. ஃப்ளாஷ் போட்டால் பெரியவருக்கு எரிச்சல், போடாவிட்டால் படத்தில் புகைதான் தெரியும்.

நேரு படம் ஏன் இத்தனை? காங்கிரஸ் ஆளா?

டெல்லியில் 1947 முதல் 1964 வரை பத்திரிகைப் படமெடுத்தவர் யாராக இருந்தாலும் பெட்டி நிறைய நேருதான் இருப்பார், பிரதமர் அவர்தானே. அதற்கு மேல், அவர் முகம் கேமராவுக்கு வாகான முகம். கோபம், குறும்பு, சோர்வு எதையும் மறைக்கத் தெரியாது, அல்லது மறைக்க மெனக்கெடவில்லை. ஹோமாய்க்கு மிகவும் பிடித்த ஆள் அவர்தான், அதை ஒளிக்கவும் இல்லை. 1964-ல் நேரு இறந்தபோது சக புகைப்படக்காரர்கள் பார்க்காதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுததாகச் சொல்லியிருக்கிறார்.

பிரியம் இருந்தால் படம் துதிபாடலாகிவிடுமே என்றால், சிலது ஆகியிருக்கிறது. புறாவைப் பறக்கவிடும் நேரு படம் அழகான படம், ஆனால் அரசாங்கக் காலண்டரில் போடுவதற்கென்றே எடுத்த மாதிரி இருக்கும். பாலம் விமான நிலையத்தில் ‘இங்கே படமெடுக்கக் கண்டிப்பாகத் தடை’ என்ற பலகைக்குப் பக்கத்தில் நேரு நிற்கும் படம் அப்படி இல்லை. பலகை இருக்கிறது, பிரதமர் இருக்கிறார், படமும் இருக்கிறது. சிரிக்காமல் சொன்ன நகைச்சுவை.

ஒரு வெள்ளைக்காரப் பெண்ணுக்கு நேரு சிகரெட் பத்த வைக்கிற படம் எடிட் பண்ணதுதானே?

எடிட் இல்லை, அசல். எடுத்தவர் ஹோமாய். பிரிட்டிஷ் துணைத் தூதரின் மனைவி திருமதி சைமன், பி.ஓ.ஏ.சி. என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் விமானத்தில். நேருவின் வாயிலும் ஒரு சிகரெட் இருக்கும். விமானத்துக்குள் புகைப்பது அன்றைக்குச் சர்வசாதாரணம்.

இதை வைத்து இரண்டு கட்சி இருக்கிறது. ஒரு கட்சி “பாருங்கள் இவர் லட்சணத்தை” என்று பரப்புகிறது, இன்னொரு கட்சி “இது போலி” என்று மறுக்கிறது. இரண்டுக்கும் வேலை இல்லை. படத்தில் ஒருவர் இன்னொருவருக்கு நெருப்புக் கொடுக்கிறார், அவ்வளவுதான் தகவல். பெண்ணை அடக்கமாக, தலைவரை மாலையோடு பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது உறுத்துகிறது. உறுத்தட்டுமே.

அப்போ ஒரு பெண்ணைக் கட்டிப்பிடிக்கிற படம்?

கட்டிப்பிடிப்பது தங்கையை. அவர் விஜயலட்சுமி பண்டிட், விமான நிலையத்தில் வரவேற்கிறார். மேலே சொன்ன தடைப் பலகைப் படமும் தங்கைக்காகக் காத்திருந்தபோது எடுத்ததுதான். 2017-ல் இந்தப் படத்தையும் இன்னும் சிலவற்றையும் ஒன்றாக ஒட்டி, யாரோ பெண்களோடு நேரு என்பதுபோல் சமூக ஊடகத்தில் சுற்றவிட்டார்கள், இன்னமும் சுற்றுகிறது. படத்துக்குக் கீழே உள்ள வரியை வெட்டிவிட்டால் எந்தப் படத்தையும் எதற்கும் சாட்சியாக்கலாம். பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் யார், எங்கே, எப்போது என்று உட்கார்ந்து குறித்து வைத்தது இதற்காகத்தான்.

தலாய் லாமா தப்பிச்சு வந்தப்ப இவங்கதான் எடுத்தாங்களாமே?

வருடம் குழம்பிவிட்டது. தலாய் லாமா திபெத்தைவிட்டுத் தஞ்சம் தேடி வந்தது 1959. ஹோமாய் எடுத்தது 1956 நவம்பரில், புத்தர் பரிநிர்வாணத்தின் 2500-ஆம் ஆண்டு விழாவுக்காக அவர் நாதுலா கணவாய் வழியாக சிக்கிமுக்குள் வந்தபோது. அன்றைக்கு சிக்கிம் இந்திய மாநிலமே இல்லை, இந்தியப் பாதுகாப்பில் இருந்த தனி அரசு, மாநிலமானது 1975-ல்.

‘லைஃப்’ பத்திரிகைக்காக ரயிலிலும் காரிலும் கேங்டாக் வரை தனியாகப் போயிருக்கிறார். 1956-ல், நாற்பதைத் தாண்டிய ஒரு பெண், துணைக்கு ஆள் இல்லாமல், இவ்வளவு சாமானோடு, அந்த மலைப்பாதையில்.

மார்கரெட் போர்க்-வைட்டை எல்லாருக்கும் தெரியுது, இவங்களை ஏன் தெரியல?

அமெரிக்கர் மார்கரெட் போர்க்-வைட் எடுத்த காந்தி-ராட்டைப் படம் (1946) உலகம் முழுக்கத் தெரியும். அவருக்கும் கார்ட்டியே-ப்ரெசோனுக்கும் பின்னால் பெரிய அமைப்புகள் இருந்தன. போர்க்-வைட்டுக்கு ‘லைஃப்’ பத்திரிகை, கார்ட்டியே-ப்ரெசோனுக்கு ‘மேக்னம்’ என்ற புகைப்படக்காரர்களின் கூட்டு நிறுவனம். வந்தார்கள், கொஞ்ச காலம் இருந்தார்கள், அற்புதமாக எடுத்தார்கள், படங்கள் உலகம் முழுக்கப் போயின, புத்தகங்களாயின.

ஹோமாய் உள்ளூர்க்காரர். நாளைக்கும் அதே ஆட்களின் முன்னால் போய் நிற்க வேண்டியவர், அதற்கு மறுநாளும். ராணி எலிசபெத் (1961), ஜாக்குலின் கென்னடி (1962), ஹோ சி மின், மார்ட்டின் லூதர் கிங் என்று வந்தவரையெல்லாம் எடுத்தாலும் பத்திரிகையில் மறுநாள் வந்து அதற்கு மறுநாள் மறக்கப்படும் வேலை அது. அதோடு பாதிப் படங்களில் பெயரே இருக்காது, மீதியில் கணவர் பெயரோ டால்டாவோ இருக்கும் என்றால் யாருக்கு எப்படித் தெரியும்? ஆராய்ச்சியாளர் சபீனா கடிஹோக் இவரைத் தேடிப் போய்ப் பேசிப் பதிவுசெய்து 2006-ல் புத்தகமாகக் கொண்டுவந்த பிறகுதான் பரவலாகத் தெரிய வந்தார்.

1970-ல ஏன் திடீர்னு விட்டுட்டாங்க? புருஷன் போன துக்கமா?

மானெக்‌ஷா 1969-ல் இறந்தார், மறுவருடம் இவர் நிறுத்தினார், ஆகவே எல்லோரும் இரண்டையும் முடிச்சுப்போடுகிறார்கள். அதுவும் இருந்திருக்கும், சேர்ந்து செய்த தொழில் என்று மேலேயே சொன்னேன். ஆனால் அவர் சொன்ன காரணம் வேறு. முன்பு புகைப்படக்காரர்களுக்குள் ஒரு ஒழுங்கு இருந்தது, உடையிலிருந்து நடத்தை வரை, ஒருவரையொருவர் மதித்தார்கள். புதிதாக வந்தவர்களுக்குச் சீக்கிரம் நாலு காசு பார்ப்பதுதான் குறி. அந்தக் கூட்டத்தில் ஒருத்தியாக இருக்கப் பிடிக்கவில்லை என்றார்.

வயதானவர்கள் எல்லோரும் சொல்வதுதானே இது என்று தோன்றலாம், எனக்கும் கொஞ்சம் தோன்றியது. இன்னொன்றும் சேர்த்துப் பார்க்க வேண்டும், நேருவின் காலத்தில் பிரதமருக்குப் பக்கத்தில் போய் நிற்க முடிந்தது, பிறகு பாதுகாப்பு வளையம் பெரிதாகிக்கொண்டே போயிற்று, படமெடுப்பவர் எட்ட நின்று முட்டி மோத வேண்டிய நிலை. அவருடைய பாணியே கிட்டே போய், தொந்தரவு செய்யாமல் காத்திருந்து எடுப்பது. அதற்கு இடமில்லாத போது விட்டார் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

அதுக்கப்புறம் நாற்பது வருஷம் என்ன பண்ணாங்க? படமே எடுக்கலையா?

தொழிலாக எடுக்கவே இல்லை. மகன் ஃபரூக் பிலானியில் ஆசிரியராக இருந்தார், அவரோடு போய் இருந்தார். 1982-ல் இருவரும் வதோதராவுக்கு வந்தார்கள். 1989-ல் மகன் புற்றுநோயில் இறந்தார். அதன் பிறகு அதே ஊரில் தனியாக, தன் வேலைகளைத் தானே பார்த்துக்கொண்டு வாழ்ந்தார். டாடா நானோ வந்தபோது ஒன்று வாங்கினார், அப்போது வயது தொண்ணூறைத் தாண்டியிருந்தது. அக்கம்பக்கத்தில் ரொம்பப் பேருக்கு இவர் யாரென்றே தெரியாமல் இருந்திருக்கும்.

விருது எதாவது கொடுத்தாங்களா?

2011-ல் பத்ம விபூஷண், 97 வயதில். அதற்கு முந்தைய வருடம் டெல்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில் வாழ்நாள் படைப்புகளின் கண்காட்சி. 2017 டிசம்பர் 9 அன்று கூகுள் தன் முகப்பில் இவர் படத்தைப் போட்டது, நம்மில் பலர் முதன்முதலில் பெயரைக் கேள்விப்பட்டது அன்றைக்குத்தான்.

ஒரு படம் இவங்க எடுத்ததான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? என் பதிவுல போட்டுக்கலாமா?

பார்த்தவுடன் சொல்ல முடியாது. சதுரமாக இருந்தால் ரோலிஃபிளெக்ஸ் என்று ஊகிக்கலாம், ஆனால் பத்திரிகைக்காரர்கள் வெட்டித்தான் போடுவார்கள், தவிர டெல்லியில் பாதிப்பேர் அதே கேமராதான் வைத்திருந்தார்கள். நேருவின் கறுப்பு வெள்ளைப் படம் எது கிடைத்தாலும் இவர் பெயரைப் போட்டுவிடும் பழக்கம் இப்போது வந்திருக்கிறது. முன்பு பெயரே இல்லை, இப்போது அடுத்தவர் படத்துக்கும் இவர் பெயர்.

அவருடைய படங்களும் நெகடிவ்களும் டெல்லியில் உள்ள அல்காசி கலை அறக்கட்டளையில் இருக்கின்றன, அவரே ஒப்படைத்தது. சந்தேகம் இருந்தால் அவர்கள் வெளியிட்டிருப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய படம்தானே, எல்லோருக்கும் பொது என்று எடுத்துப் போட வேண்டாம். இந்தியாவில் 2012 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு புகைப்படத்துக்கான உரிமையும் எடுத்தவர் இறந்து 60 வருடம் வரை என்று ஆகியிருக்கிறது, அதற்கு முன்பே உரிமை முடிந்துபோன படங்களின் கணக்கு தனி. எது எந்தக் கணக்கில் வரும் என்று நாமாக முடிவுசெய்வதைவிட அறக்கட்டளைக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்டுவிடுவது சுலபம். அனுமதி கிடைத்தால் படத்துக்குக் கீழே பெயர், இடம், தேதி மூன்றையும் சேர்த்துப் போடுங்கள்.